குமரியை நோக்கும் சாலை

நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மிதிவண்டியிற் செல்வது என்று துணிந்தவர் எவராயினும், தேசப் படத்தை விரித்ததும் முதலில் விரல் வைக்கும் இடம் கன்னியாகுமரி. புறப்படுவதற்காக வைப்பாரும் உண்டு. போய்ச் சேர்வதற்காக வைப்பாரும் உண்டு. புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி, பார்வையற்றோர் பள்ளிக்கு உதவி, இரத்த தானம், பெண் குழந்தைகளின் கல்வி என்று ஏதேனும் ஓர் அறப்பணியின் பெயரைச் சட்டையின் முதுகில் எழுதிக்கொண்டு, காஷ்மீரத்துக் குளிரில் கிளம்பியவர்கள் இரண்டு திங்களுக்குள் முக்கடல் கூடும் மணலில் வந்து வண்டியைச் சாய்க்கின்றனர். இத்தகைய பயணங்களின் வரலாற்றைச் சிறிது ஆராய்வதே இந்தப் பேச்சின் நோக்கம்.

நாம் நின்று நோக்கும் இடம் குமரி முனையன்று. அதற்கு வடமேற்கே உள்ள எல்லையூர்கள். ஆரியங்கோடு, பாறசாலை, நெய்யாற்றங்கரை என்பன அவற்றின் பெயர்கள். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ் நேயர்களுக்கு இப்பெயர்கள் புதியனவாகத் தோன்றக்கூடும். ரயிலில் திருவனந்தபுரத்தைத் தாண்டி நாகர்கோவிலை நோக்கிச் செல்லும்போது, ஊர் நெருங்குகிறதென்று படுக்கையைச் சுருட்டிக் கட்டும் அந்த ஒரு மணி நேரத்தில் கழிந்துபோகும் ஊர்கள் இவை.

வடக்கிலிருந்து குமரிக்கு வருவோர்க்கு வழிகள் இரண்டு. ஒன்று ஸ்ரீநகரில் தொடங்கி நாகபுரி, ஹைதராபாத், பெங்களூர், சேலம், மதுரை, திருநெல்வேலி வழியாக இறங்குவது. இன்று அதற்கு 44 என்று எண். நீளம் ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். மற்றொன்று மும்பைக்கு அருகேயுள்ள பன்வேலில் தொடங்கி, கோவா, மங்களூர், கோழிக்கோடு, கொச்சி, திருவனந்தபுரம் என்று மேலைக் கடலை ஒட்டி வருவது. அதன் எண் 66. இதன் கடைசிப் பகுதிக்கு முன்னாளில் 47 என்று எண் இருந்தது. எண் மாறிற்றே தவிர வழி மாறவில்லை. திருவனந்தபுரத்தை விட்டால் பாலராமபுரம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய நெசவாளர் வழியினர் இன்றும் தறியோட்டும் ஊர். பின் நெய்யாற்றங்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை. அதன்பின் களியக்காவிளை. அங்கே கடைப் பலகைகளில் மலையாளம் நின்று தமிழ் தொடங்குகிறது. பேச்சு அவ்வளவு திட்டமாக நிற்பதும் இல்லை, தொடங்குவதும் இல்லை. பாறசாலைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கை விலை பேசுபவர் ஒரே மூச்சில் இரண்டு மொழியையும் செலவிடுவார். ஆரியங்கோடு பெருஞ்சாலையில் இல்லை. நெய்யாற்றங்கரைக்குக் கிழக்கே, வெள்ளறடை பக்கமாகச் செல்லும் மேட்டுப் பாங்கான பகுதியில், ரப்பர்த் தோட்டங்களுக்கு இடையே இருக்கிறது. பெருஞ்சாலையில் யாரேனும் புதுமையாகப் போகிறார்கள் என்றால் அச்செய்தி இங்கு வந்து சேரச் சிறிது நேரம் பிடிக்கும். ஆனால் வந்து சேர்ந்துவிடும்.

இச்சாலைக்கு யாத்திரிகர் புதியவரல்லர். 1892-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் விவேகானந்தர் திருவனந்தபுரத்தில் சில நாள் தங்கியபின் நாகர்கோவில் வழியாகக் குமரிக்குச் சென்றார். அவர் கையில் நிதியும் இல்லை. திரட்டும் எண்ணமும் அப்போது உருப்பெறவில்லை. அவர் அமர்ந்த பாறையின்மீது எழுப்பிய நினைவாலயத்துக்குப் பின்னாளில் நாடெங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று பொதுமக்களிடம் நன்கொடை பெற்றனர். 1970-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் குடியரசுத் தலைவர் வி. வி. கிரி அதனைத் திறந்து வைத்தார். இன்று குமரியில் பயணத்தை முடிக்கும் சைக்கிள் யாத்திரிகர் பெரும்பாலோர் அந்தப் பாறையைப் பின்னணியாகக் கொண்டே படம் எடுத்துக்கொள்கின்றனர். சிறு காசு சேர்ந்து எழுந்த கட்டடத்தின் முன் சிறு காசு சேர்ப்பவர் நிற்பது பொருத்தமாகவே இருக்கிறது.

அறநிதிக்காக நாட்டைச் சுற்றி வருவது என்னும் முறையை நம் நாட்டில் நிலைநாட்டியவர் காந்தியடிகளே எனலாம். 1933-ஆம் ஆண்டு நவம்பரில் வார்தாவில் தொடங்கிய அவருடைய அரிசன நிதிப் பயணம் 1934-ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் காசியில் முடிந்தது. ஒன்பது திங்களில் 12,500 மைல். சேர்ந்த தொகை ஏறக்குறைய எட்டு லட்சம் ரூபாய். ரயிலும் மோட்டாருமாகச் சென்ற அப்பயணத்தின் கடைசிப் பகுதியில், ஒரிசாவில், வண்டிகளை விட்டுக் கால்நடையாகவே செல்ல முற்பட்டார். வேகமாகப் போனால் கூட்டம்தான் கூடுகிறது, மனிதரைக் காண முடிவதில்லை என்பதை அவர் கண்டிருத்தல் வேண்டும். அவர் நிதி திரட்டிய முறையும் கவனிக்கத்தக்கது. தமக்கு அளித்த வாழ்த்து மடல்களை மேடையிலேயே ஏலம் விடுவார். பெண்களிடம் கையை நீட்டி வளையலைக் கேட்பார். 1934 ஜனவரியில் வடகரையில் கௌமுதி என்னும் பதினாறு வயதுப் பெண் தன் நகைகளைக் கழற்றித் தந்தது பலரும் அறிந்த செய்தி. அதே திங்களில் அவர் திருவனந்தபுரத்திலிருந்து குமரிக்கு வந்து, திருநெல்வேலிக்குச் சென்றார். மூன்றாண்டு கழித்து, ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை ஒட்டி 1937 ஜனவரியில் மீண்டும் வந்தபோது, நெய்யாற்றங்கரை வட்டத்தைச் சேர்ந்த வெங்கானூரில் அய்யன்காளியைச் சந்தித்தார்.

நெய்யாற்றங்கரை தந்த தொண்டர் ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஜி. ராமச்சந்திரன் 1904-இல் பிறந்தவர். காந்தியடிகளின் அணுக்கத் தொண்டர். அவரும், தமிழ்ப் பெருமக்கள் நன்கறிந்த டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் சேர்ந்து 1947-இல் திண்டுக்கல்லுக்கு அருகே தோற்றுவித்ததே காந்திகிராமம். தென் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குத் தாதிகளையும் ஆசிரியர்களையும் பயிற்றி அனுப்பிய ஒரு நிலையத்தின் வேர் நெய்யாற்றின் கரையில் இருக்கிறது என்பதை மதுரைப் பக்கத்தார் பலர் அறியார்.

இந்த ஊர்களின் மேல் எல்லைக் கோடு எவ்வாறு விழுந்தது என்பதையும் சொல்லாமல் மேலே செல்வதற்கில்லை. திருவிதாங்கூரின் தமிழர் பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு இணைக்க வேண்டும் என்ற கிளர்ச்சி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் தலைமையில் வலுவடைந்தது. 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் மடிந்தன. மாநிலச் சீரமைப்புக் குழு 1955-இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1956 நவம்பர் முதல் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றங்கரை வட்டமும் வேண்டும் என்று கேட்டனர், கிடைக்கவில்லை. ஆதலால் பாறசாலை, ஆரியங்கோட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கேரளத்தில் நின்றுவிட்டன. வெளிமாநிலத் தமிழர் என்று நேயர்களாகிய உங்களையும் எங்களையும் ஒரே பெயரால் அழைப்பர். நீங்கள் ரயிலேறிச் சென்று வெளிமாநிலத்தவர் ஆனீர்கள். நாங்களோ வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே ஆனோம். குறையாக இதைச் சொல்லவில்லை, எழுபதாண்டு ஆகப்போகிறது. பெண் கொடுப்பதும் எடுப்பதும், கோயில் கொடையும், தேவாலயத் திருவிழாவும் கோட்டின் இரு புறத்தாரையும் பழையபடியே கூட்டிவைக்கின்றன. ஆயினும், நாட்டை இணைக்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் இவ்வழி வரும்போது, அச்சொல்லை எல்லையூரார் பிறரைவிடச் சற்று ஊன்றிக் கேட்பர்.

புதிய எல்லை வகுத்து ஆறு திங்கள் ஆகுமுன்னரே அதனைக் கால்நடையாகக் கடந்தார் வினோபா பாவே. 1951 ஏப்ரலில் தெலுங்கானாவின் போச்சம்பள்ளியில் நூறு ஏக்கர் நிலம் தானமாகக் கிடைத்ததிலிருந்து தொடங்கிய பூமிதான நடைப்பயணம், 1956-57-இல் தமிழகம் முழுதும் உலவி, 1957 ஏப்ரலில் குமரியை அடைந்து, அங்கிருந்து கேரளத்துள் நுழைந்தது. குமரியில் நடை முடியும் என்று எண்ணியவர் இருந்திருப்பர். நிலம் முடிந்த இடத்தில் அவர் கடலைக் கண்டு திரும்பி, வேறொரு திசையில் நடந்தார். பின்னும் பல்லாண்டு நடந்தார். தானமாக வந்தது நாற்பது லட்சம் ஏக்கருக்கு மேல். ஆனால் அதில் கணிசமான பகுதி கரடும் கல்லுமாகவோ வழக்கில் சிக்கியதாகவோ இருந்தது. பங்கிடப்படாமல் ஏட்டில் நின்றதும் மிகுதி. நடந்தவர் கால் ஓயவில்லை. பட்டா எழுத வேண்டிய கைகள் ஓய்ந்தன. அறப்பயணம் எதனை எடைபோடும்போதும் இந்தப் படிப்பினை நம் முன் நிற்கிறது.

இனி மிதிவண்டிக்கு வருவோம். துவிசக்கர வண்டி என்று அக்காலத்துப் பெரியோர் எழுதிய இந்த வாகனம் நெடுந்தூரப் பயணத்துக்குத் தகும் என்பதை இந்தியர்க்குக் காட்டியவர் பம்பாய்ப் பார்சி இளைஞர்கள். 1923 அக்டோபரில் புறப்பட்ட ஒரு குழுவில், அடி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பூம்காரா என்னும் மூவர் உலகைச் சுற்றி 1928 மார்ச்சில் பம்பாய்க்குத் திரும்பினர். அவர்கள் சென்றது நாடு காண்பதற்கு, தருமத்துக்கு அன்று. மிதிவண்டி அப்போது சீமைச் சரக்கு. 1949-இல் முருகப்பா குடும்பத்தார் ஆங்கிலக் கம்பெனியோடு கூடித் தொடங்கிய டி. ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை சென்னைக்கு அருகே அம்பத்தூரில் எழுந்தபின், ஹெர்குலிஸ் வண்டி தபால்காரரிடமும் பள்ளி ஆசிரியரிடமும் பால்காரரிடமும் வந்து சேர்ந்தது. ஊருக்கு ஊர் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் தோன்றின. விளக்கில்லாமல் ஓட்டினால் அபராதம். இருவர் ஏறினால் அபராதம். ஆண்டுதோறும் வரி கட்டி வில்லை வாங்க வேண்டும். எளியவன் வாகனத்துக்குத்தான் அரசாங்கம் எத்தனை விதி வகுத்திருந்தது!

நம் பக்கத்து ஊர்களில் மிதிவண்டியைக்கொண்டு காசு சேர்க்கும் வழக்கம் வேறொரு வகையிலும் இருந்தது. திருவிழா முடிந்த மைதானத்தில் ஒருவர் வண்டியை விட்டு இறங்காமல் ஏழு நாள், எட்டு நாள் வட்டமாகச் சுற்றுவார். வண்டியிலேயே குளிப்பார், உண்பார். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும். கடைசி நாள் அவருக்கு மாலையிட்டுத் துண்டை விரித்துச் சில்லறை வாங்குவர். கற்றோர் இதனை வேடிக்கை என்று ஒதுக்குவர். நாம் ஒதுக்க மாட்டோம். உடல் வருத்தத்தைப் பிறர் காணச் செய்து, காண்பவர் மனத்தை நெகிழ்த்திக் கையைத் திறக்கச் செய்வது என்னும் அடிப்படை இரண்டிலும் ஒன்றே. காவடியும் பாதயாத்திரையும் அறிந்த மக்களுக்கு இது புரியாத பொருளன்று.

நாட்டைக் குறுக்கே கடந்த அறப்பயணங்களுள், மிதிவண்டியிற் சென்றவற்றுள், முதலில் வைத்துப் பேசத்தக்கது பாபா ஆம்தேயின் ‘பாரத் ஜோடோ’ பயணம். பாரதத்தை இணையுங்கள் என்பது அதன் பொருள். பாபா ஆம்தே மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் 1914 டிசம்பர் 26-ஆம் நாள் செல்வக் குடியிற் பிறந்தவர். வக்கீல் தொழில் செய்தவர். மழையில் நனைந்து சாகக் கிடந்த தொழுநோயாளி ஒருவரைக் கண்டு அஞ்சி ஓடினார்; அச்சம் தம்மை வென்றதே என்னும் நாணம் அவரைத் திரும்பி வரச் செய்தது. அதன் விளைவாக வரோராவுக்கு அருகே ஆனந்தவனம் பிறந்தது. ஆறு தொழுநோயாளிகளும் ஒரு நொண்டிப் பசுவும் பதினான்கு ரூபாயுமாகத் தொடங்கியது என்பர். நோயாளிகள் கிணறு வெட்டினர், பயிர் செய்தனர், கைத்தொழில் கற்றுத் தம் உழைப்பால் உண்டனர். பிச்சைக்குக் கை நீட்டச் செய்யும் தருமம் தருமமாகாது என்பது அவர் கொள்கை.

1984-இல் நாடு கண்ட துயரங்களை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பஞ்சாபில் இரத்தம் சிந்திற்று. பிரதமர் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அதையடுத்துத் தில்லியிலும் பிற நகரங்களிலும் சீக்கியக் குடும்பங்கள் அடைந்த கொடுமை சொல்லுந்தரத்தது அன்று. இதற்கு மறு ஆண்டு, 1985 டிசம்பரில், பாபா ஆம்தே குமரி முனையிலிருந்து காஷ்மீரம் நோக்கிப் புறப்பட்டார். அந்தத் திங்களில்தான் அவருக்கு எழுபத்தொரு வயது நிறைந்தது. உடன் சென்றோர் நூறு இளைஞரும் பதினாறு இளம் பெண்களும். அவர்கள் மிதிவண்டியில் சென்றனர். பாபாவுக்கு முதுகெலும்பு நோய். அவரால் உட்கார இயலாது. நிற்கலாம் அல்லது படுக்கலாம். ஆகவே வாகனத்தில் படுத்தபடியே உடன் சென்று, ஊர்தோறும் எழுந்து நின்று பேசினார். உட்கார முடியாத ஒருவர், நாள் முழுதும் சைக்கிள் இருக்கையில் உட்கார்ந்து மிதிப்பவர்களுக்குத் தலைவர்!

அவர்கள் கடந்த தொலைவு 3,000 மைலுக்கு மேல். நேர்வழியாகச் சென்றால் அத்தனை ஆகாது. வளைந்தும் சுற்றியும், இன்ன ஊரில் பூசல், இன்ன ஊரில் பிணக்கு என்று கேட்டுக் கேட்டுச் சென்றவர்களுக்கே அந்தக் கணக்கு வரும். இக்காலத்து இளைஞர் இத்தனை நாளில் முடித்தோம், அதைவிட இரண்டு நாள் குறைத்தோம் என்று பெருமை பேசுவதைக் கேட்கிறோம். அதுவும் ஒரு திறமையே. ஆனால் வேகத்துக்காகச் செல்பவனுக்கு நேர்சாலை வேண்டும். மனிதருக்காகச் செல்பவனுக்குச் சுற்றுவழி வேண்டும்.

பதினாறு பெண்கள் என்றோம். 1985-இல் அது சிறிய செய்தியன்று. கிராமத்துச் சாலையில் பெண்ணொருத்தி மிதிவண்டி ஓட்டினால் நின்று பார்க்கும் காலம் அது. ஆறாண்டு கழித்து, 1991-இல், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் பழகினர். கல்லுடைக்கும் பெண்களும் கூலிப் பெண்களும் அதிலிருந்தனர். அவர்கள் எந்த நாட்டையும் குறுக்கே கடக்கவில்லை. தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். மிதிவண்டியால் விளைந்த அறங்களுள் அதைவிடப் பெரியது எது என்று நமக்குத் தெரியவில்லை.

பாபாவின் பயணம் 1986-இல் காஷ்மீரத்தில் நிறைவெய்தியது. ஆனால் அவர் அத்துடன் விடவில்லை. 1988-இல் கிழக்கே அருணாசலத்தின் இட்டாநகரிலிருந்து மேற்கே குஜராத்தின் ஓகா துறைமுகம் வரை இரண்டாவது பயணம் நடந்தது.  இடையிலும் பின்னும் பஞ்சாபுக்குப் பலமுறை சென்று அமைதி வேண்டினார். தெற்கு வடக்கு, கிழக்கு மேற்கு என்று நாட்டின் மீது சிலுவை போல் இரண்டு கோடுகள் வரைந்துவிட்டு, 2008 பிப்ரவரி 9-ஆம் நாள் ஆனந்தவனத்தில் மறைந்தார். ‘பாரத் ஜோடோ’ என்னும் அதே பெயரோடு 2022 செப்டம்பரில் ஓர் அரசியல் நடைப்பயணமும் குமரியிற் புறப்பட்டு, பாறசாலை வழியாகக் கேரளத்துள் நுழைந்து, நெய்யாற்றங்கரைச் சாலையிற் சென்றது. அது கட்சியைச் சார்ந்ததாகலின் அதன் நன்மை தீமை இப்பேச்சுக்குப் புறம்பு. பெயருக்கு முன்வரலாறு ஒன்றுண்டு என்பதற்காகக் குறித்தோம்.

நிறைவு என்பது எது? இக்கேள்விக்குக் கனடா நாட்டு இளைஞர் ஒருவர் வாழ்க்கை விடையாக இருக்கிறது. டெர்ரி ஃபாக்ஸ் என்பார் 1977-இல் புற்றுநோயால் வலக்காலை இழந்தவர். பொய்க்காலோடு 1980 ஏப்ரல் 12-ஆம் நாள் கீழ்க்கடற்கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நாட்டு மக்கள் தலைக்கு ஒரு டாலர் தரவேண்டும் என்பது அவர் வேண்டுகோள். 143 நாள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் முதல் நாள் நோய் நுரையீரலுக்குப் பரவியது தெரிந்து, பாதி நாட்டைச் சற்றே கடந்த நிலையில் நின்றார். மேலைக் கடலை அவர் எட்டவில்லை. ஆனால் மறு பிப்ரவரிக்குள் இரண்டு கோடியே நாற்பது லட்சம் டாலர் சேர்ந்து, தலைக்கு ஒரு டாலர் என்ற கணக்கு நிறைந்தது. 1981 ஜூனில், இருபத்திரண்டாம் வயதில், அவர் இறந்தார். ஓடி முடிக்காதவர் பெயரால் ஆண்டுதோறும் பல நாடுகளில் ஓடுகின்றனர்.

நமக்கு இன்னும் அணித்தான சான்று இலங்கையில் உண்டு. உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டாண்டு ஆன 2011 ஜூலையில், தீவின் தென்கோடியாகிய தெய்வேந்திர முனையிலிருந்து வடகோடியாகிய பருத்தித்துறை வரை 670 கிலோமீட்டர் நடைப்பயணம் ஒன்று இருபத்தேழு நாளில் நடந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுப்ப நிதி திரட்டுவது அதன் நோக்கம். சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தனர். மருத்துவமனை எழுந்தது. ஐந்தாண்டு கழித்து, 2016-இல், அதே வழியில் எதிர்த்திசையாக வடக்கிலிருந்து தெற்கே நடந்து, காலிக்கு அருகே கராப்பிட்டியில் உள்ள மருத்துவமனைக்கு நிதி சேர்த்தனர். தெற்கிலிருந்து வடக்குக்கு ஒருமுறை, வடக்கிலிருந்து தெற்குக்கு ஒருமுறை என்று கடன் கொண்டு கடன் திருப்பியது போன்ற ஏற்பாடு. பருத்தித்துறைக் கலங்கரை விளக்கத்தடியில் முடிந்த நடையின் பயனை, தெல்லிப்பழைக் கட்டிலில் மருந்தேறிக் கிடப்பவர் இன்றும் பெறுகிறார்.

நம் நாட்டுச் சாலையிற் போகும் பயணங்கள் எல்லாம் இத்தரத்தன என்று சொல்வதற்கில்லை. விளம்பரத்துக்கென்றே மிதிப்பவர் உண்டு. சட்டையில் அறத்தின் பெயர் சிறிதாகவும் பண்டத்தின் பெயர் பெரிதாகவும் இருக்கும். சேர்த்தது எவ்வளவு, வண்டிக்கும் விடுதிக்கும் செலவு எவ்வளவு, எஞ்சியது யார் கைக்குச் சென்றது என்று கேட்டால் முகம் மாறுவோரும் உண்டு. கேட்பதில் தவறில்லை என்பது நம் கருத்து. காந்தியடிகள் அரையணாவுக்கும் கணக்கு எழுதச் செய்தவர். வெளியூர்களில் தமிழ்ச் சங்கம் நடத்தும் நேயர்கள் இத்தகைய குழுக்களை வரவேற்று உணவளித்து நன்கொடை வழங்குவதுண்டு. பொன்னாடை போர்த்துவதற்கு முன் அந்தக் கணக்கை ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்த்தல் நலம். உண்மையாகச் செய்பவர் அதனால் மனம் வருந்தார், மகிழவே செய்வர்.

மேலைக்கடல் வழியாக வருபவர்க்குக் கடைசி நாள் எளிதன்று. திருவனந்தபுரத்திலிருந்து குமரி ஏறக்குறைய 85 கிலோமீட்டர், பாறசாலையிலிருந்து 55. தொலைவு சிறிதே, ஆனால் நிலம் சமதளமன்று. நெய்யாற்றங்கரையைத் தாண்டியதும் செம்மண் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். ஏறி முடித்தோம் என்று மூச்சுவிட்டால் அடுத்த ஏற்றம் கண்ணெதிரே நிற்கும். இமயத்துக் கணவாய்களை ஏறி இறங்கியவரும் உதியன்குளங்கரைப் பக்கத்து ஏற்றத்தில் வண்டியை விட்டு இறங்கித் தள்ளக்கூடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மிதித்த முழங்கால் கடைசி ஐம்பதில்தான் பிணங்கும். சாலை குறுகல், பேருந்தும் கல் ஏற்றிய லாரியும் நெருக்கும். குளிர் வருமுன் காஷ்மீரத்தை விட்டவர் இங்கு வரும்போது ஐப்பசி, கார்த்திகை அடைமழை. பிரேக்குக் கட்டை நனைந்து பிடிக்காது.

இந்தச் சாலையோரத்துச் சிறு தருமங்களை எவரும் எழுதி வைப்பதில்லை. பஞ்சர் ஒட்டிவிட்டுக் காசு வேண்டாம் என்னும் கடைக்காரர். மரச்சீனியும் மீன் குழம்பும் இலையில் இட்டு, எந்த ஊர், எந்த மொழி என்று கேளாமல் உண்ணச் சொல்லும் தேநீர்க் கடைக்காரர். காலமாயின் ஒரு குவளை அக்கானி தரும் பனையேறி. மரச்சீனியே இந்நாட்டுக்கு வந்து பரவிய பொருள்தான். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதனைப் பயிரிடச் செய்து பரப்பினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்து அரிசிப் பஞ்சத்தில் அது பல்லாயிரவர் உயிரைப் பிடித்து வைத்தது. பாஞ்சாலத்து இளைஞன் ஒருவன் இந்தியில் கேட்பதும் கடைக்காரர் மலையாளமும் தமிழும் கலந்து விடை சொல்வதும், இருவரும் அதைப் புரிந்துகொள்வதும் நாம் பலமுறை கண்ட காட்சி. குழித்துறைப் பாலம், மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில், சுசீந்திரம் என்று எண்ணிக்கொண்டே போனால் பொழுது சாய்வதற்குள் கடல் தெரியும்.

கடலைக் கண்டவர் செய்வது பெரும்பாலும் ஒன்றே. முன் சக்கரத்தை அலையில் நனைப்பர், படம் எடுப்பர், ஊருக்குத் தொலைபேசியில் சொல்வர். பிறகு சற்று நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பர். மறுநாள் வண்டியைக் கழற்றிச் சாக்கில் கட்டி ரயில் நிலையத்துக்குக் கொண்டு செல்வர். குமரியிலிருந்து வாரம் ஒருமுறை வடகோடிக்குச் செல்லும் ஹிம்சாகர் விரைவு ரயில் 1984-இல் தொடங்கியது. முதலில் ஜம்மு வரையும் பின்னர் கத்ரா வரையும் ஓடலாயிற்று. 1979-இல் திறந்த திருவனந்தபுரம்–நாகர்கோவில் பாதையில் அது பாறசாலையையும் நெய்யாற்றங்கரையையும் கடந்து வடக்கே ஏகும். ஐம்பது அறுபது நாள் உருண்டு வந்த சக்கரம், சரக்குப் பெட்டியில் சாய்ந்து கிடந்தபடி, மூன்று நாளில் புறப்பட்ட இடத்துக்குத் திரும்புகிறது.